ரமோன் சிரிக்காத ஏழு டேக்

மே 4, திங்கள்

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். எட்டு மணிக்கே கண் கூசுகிறது. மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. எங்கள் கோச்சடை முழுக்கக் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பு.

செய்ய வேண்டியவை: மாவு அரைக்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் பிள்ளைகளுக்குப் பத்து நாள் லீவு என்று குரூப்பில் போட. குடை வாங்க, பழையது கம்பி உடைந்துவிட்டது.

லீவுக்குக் காரணம்: கதிரின் போன். புதுப் படம் ஒன்றில் அசோசியேட் டைரக்டர். வில்லனின் அடியாளாக நடிக்க வெளிநாட்டு நடிகர் ஒருவர் வந்திருக்கிறாராம். தமிழில் ஐந்து வசனம். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

"நீங்க இங்கிலீஷ் டீச்சரு, நடிகையும்கூட. மதுரையில வேற யாரு டீச்சர் இருக்கா?"

நடிகை. கேட்க நன்றாக இருந்தது. ஒன்பது படம் நடித்திருக்கிறேன். நானே ஒருதரம் எழுதிப் பார்க்கிறேன். ஒப்பாரி வைத்தவள், நான்கு. அடி வாங்கியவள், இரண்டு. குப்பை அள்ளியவள், இரண்டு. பிணம், ஒன்று. ஐந்து படத்தில் வசனம் உண்டு. ஐந்திலும் குரல் என்னுடையது இல்லை. சென்னையில் யாரோ பேசினார்கள். மதுரைக் கதையில் மதுரைக்காரி குரல் "ரஃப்பா இருக்கு" என்று.

போனை வைக்கும் முன் கதிர் தூண்டிலும் போட்டார். இதே படத்தில் ஏட்டம்மா வேஷம். ஒரு பக்க வசனம். "உங்க வாய்ஸ்லயே வச்சுக்கலாம் டீச்சர்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர், எதையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார். "காக்கி உடுப்பா? இப்பவே வீட்டுல பயந்துதான் கெடக்கேன் ராணி."

மே 5, செவ்வாய்

தல்லாகுளம் ஓட்டல். அந்த நடிகர் பெயர் ரமோன். ஐம்பத்திரண்டு வயது. மொட்டைத் தலை, நல்ல உயரம், என்னைவிடக் கறுப்பு. (என்னைவிடக் கறுப்பான ஆளைப் பார்த்தால் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வரும். வெட்கக்கேடு. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

ஓட்டல்காரர்கள் அவரை ஆப்பிரிக்கா என்கிறார்கள். லிப்ட் பையன், மேனேஜர், டிரைவர், ஒவ்வொருவரிடமும் நின்று திருத்துகிறார். டொமினிக்கன் குடியரசு. கரீபியன் கடலில் தீவு. டொமினிக்கா என்பது வேறு நாடு, அதுவும் இல்லை. சலிப்பே இல்லை. எனக்கும் சொன்னார். இரண்டு முறை.

கதிர் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். கஷ்டமாக இருந்தால் ஒன், டூ, த்ரீ என்று எண்ணினால் போதும், வாய் அசைந்தால் சரி, குரலைச் சென்னையில் ஒட்டிக்கொள்ளலாம். நான் இங்கிலீஷில் சொன்னேன். ரமோன் கேட்டுவிட்டுச் சொன்ன பதில்: "எண்ணுவதற்கு நான் இவ்வளவு தூரம் வரவில்லை."

அப்போதே பிடித்துவிட்டது.

மே 7, வியாழன்

அலங்காநல்லூர் தாண்டி மூடிய கல்குவாரி. ஷூட்டிங். ஆறு மணிக்கே வேன்.

வழியில் கரும்பு லாரி. ரமோன் ஜன்னலில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். அவர் அப்பா கரும்பு வெட்டியவராம், அடுத்தவர் தோட்டத்தில். என் அப்பாவும் இதே பக்கத்தில் அதே வேலைதான், அடுத்தவர் வயலில்தான் என்றேன். சட்டைக் கையை மடக்கி முழங்கைக்குக் கீழே தடவிக் காட்டினார். அங்கேதான் கரும்புச் சோகை கிழிக்கும். அப்பாவுக்கும் அங்கேதான் தழும்பு.

பாடம்: 'ழ' வரவில்லை. நமக்கே வராது, விடு. 'ற' நம்மைவிட நன்றாக உருட்டுகிறார். நான் பேசுகிறபடியே பிடித்துக்கொள்கிறார். "அம்புட்டுதான், வாரேன்" என்று ஒரு வசனத்தை முடிக்க, லைட்மேன் பாண்டியண்ணன் மேலே பலகையிலிருந்து கத்தினார்: "ராமண்ணே, எங்க ஊரு ஆளாயிட்டீக!"

ரமோன் இனி ராமண்ணன். யூனிட் முழுக்க.

கதிர் முகம் சுளித்தார். "ஃபாரின் வில்லன் மதுரைத் தமிழ் பேசுறான். என்ன டீச்சர் இது?"

"வேற தமிழ் எனக்குத் தெரியாது தம்பி."

மே 8, வெள்ளி

கேமரா பழுது. பாதி நாள் சும்மா. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நுங்கு வாங்கிக் கொடுத்தேன். தோலோடு கடிக்கப் போனார், தடுத்தேன்.

அவர் சினிமா வாழ்க்கையைக் கேட்டேன். மறக்கும் முன் எழுதுகிறேன்.

இருபத்து மூன்று வயதில் ஊர் டிவியில் காவலாளி. ஒரே வசனம்: "ஐயா வீட்டில் இல்லை." பிறகு அந்தத் தீவுக்கு வந்து படம் எடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள். கைதி, கடற்கொள்ளைக்காரன், பெயரில்லாத ஏதோ நாட்டின் கலகக்காரன். சுடப்பட்டுச் செத்தது நிறைய. தண்ணீரில் மூழ்கி மூன்று முறை. ஹெலிகாப்டரிலிருந்து தள்ளி ஒரு முறை. சுறா தின்று ஒரு முறை. "சுறா ரப்பர். ஆனால் நான் நன்றாக நடித்தேன்."

சொந்த நாட்டுப் படத்தில்? அங்கேதான் சிரிப்பை நிறுத்தினார். அங்கே எப்போதும் ஹைத்திக்காரன் வேஷம். பக்கத்து நாட்டிலிருந்து கரும்பு வெட்ட வந்த கூலி. ஒரு டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம், இந்த நிறத்தை டொமினிக்கன் என்று காட்டினால் யார் நம்புவார்கள் என்று. அந்த ஆபீஸ், ரமோன் பிறந்த தெருவிலிருந்து நடக்கிற தூரம்.

அன்றைக்கு எழுந்து வந்துவிட்டார். என் நாட்டுக்காரனாக நடிக்கக் கூப்பிட்டால்தான் வருவேன் என்று. நான்கு வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பிரிட்ஜ் ரிப்பேர் பார்த்தார். மனைவி போய்விட்டார். அதற்குக் காரணம் இது மட்டும் இல்லை என்றார்.

பிறகு புது ஆள் ஒருவர் எடுத்த சின்னப் படம். கதாநாயகன் பஸ் டிரைவர், டொமினிக்கன், பெயரும் ரமோன். இரண்டே வாரம் ஓடியது. போனில் கடைசிக் காட்சியைக் காட்டினார். வேலை முடிந்து வந்து, சாவி போட்டு வீட்டைத் திறக்கிறார், உள்ளே போகிறார். முடிந்தது.

"பார்த்தீர்களா, சாகவில்லை" என்றார்.

அந்தக் காட்சியை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

மே 10, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. கூட்டம். முட்டைக் குழம்பு.

மாலை கதிர் வாட்ஸப்பில் ஒரு பக்கம் அனுப்பினார். செவ்வாய்க்கிழமைக் காட்சி. ரமோனின் கடைசி நாள். ஹீரோ அவரைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறார்.

ஹீரோ: உன்னையப் படைக்கும்போது கரண்ட் போயிருச்சாடா?
(அடியாள் புரியாமல் பல்லைக் காட்டிச் சிரிக்கிறான்.)
ஹீரோ: அப்பாடா, பல்லு தெரியுது. ஆளு இங்கதான் இருக்கான்.

கதிருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, இது நல்லாயில்லயே."

"தியேட்டர்ல பிச்சுக்கும் டீச்சர். ஹீரோவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"அவருக்கு என்னன்னு சொல்றது?"

"ஜோக்குன்னு சொல்லுங்க. சிரிக்கணும், அம்புட்டுதான். மீனிங் எல்லாம் போட்டுக் கொழப்பாதீங்க. ஆங், ஏட்டம்மா டிரஸ்ஸுக்கு நாளைக்கு அளவு எடுக்க வாராங்க, ரெடியா இருங்க."

இரண்டையும் ஒரே மூச்சில். பிள்ளை கெட்டிக்காரன்.

மே 11, திங்கள்

அளவு எடுத்தார்கள். காக்கிச் சட்டைத் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். கம்பீரம். பொய் சொல்லக் கூடாது, ஆசையாக இருந்தது.

பதினோரு மணிக்கு ஓட்டலில் ரமோனுடன் ஒத்திகை. அந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்றேன்.

"எதற்கு?"

"ஜோக்."

"எதைப் பற்றி?"

"கரண்டைப் பற்றி."

தலையாட்டினார். பல்லைக் காட்டிச் சிரித்துப் பழகினார். எப்படி இருக்கிறது என்று என்னிடமே கேட்டார். நல்ல வரிசையான பல். நன்றாக இருக்கிறது என்றேன்.

முதல் படம் ஞாபகம் வந்தது. கேமராமேன் எல்லோர் முன்னாலும், "அந்தம்மாவுக்கு ரெண்டு லைட் சேத்துப் போடுப்பா, சீலை மட்டும்தான் தெரியுது." யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாக. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் இதை ஒரு வேடிக்கை மாதிரி சொன்னேன். அவர்தான் சிரிக்கவில்லை. பதினோரு வருஷம் ஆகிறது.

கிளம்பி வாசல் வரை வந்தவள் திரும்பிப் போனேன். ஓட்டல் வராந்தா. நின்றபடியே முழுவதையும் சொன்னேன். கரண்ட், நிறம், பல், எல்லாம். சொல்லக் கூடாது என்றார்கள், ஒத்திகையில் உங்களிடம் மறைத்தேன், அதுவும் சேர்த்து.

கோபப்படுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். "உங்களிடம் இப்படிச் சொன்னபோது என்ன செய்தீர்கள்?"

"சிரித்தேன்."

"நானும். பல வருஷம்."

பிறகு, "இன்னொரு தடவை சொல்" என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டார்.

"இன்னொருக்கா சொல்லு."

நான்கு முறை சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது முறை என் அப்பா பேசுகிற மாதிரியே இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஏட்டம்மா போய்விடும் போலிருக்கிறது என்றும். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "போனாப் போகுது. நீ சொல்லாம வந்திருந்தாத்தான் எனக்குச் சங்கடமா இருந்திருக்கும்."

மே 12, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

குவாரி. பதினொன்றரை. பாறை அடுப்பு மாதிரி. ரமோனை நாற்காலியில் கட்டியிருந்தார்கள். எதிரே ஹீரோ. நான் மானிட்டர் பக்கம்.

முதல் டேக். ஹீரோ வசனத்தைச் சொன்னார். சொல்வதில் மன்னன், ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ரமோன் சிரிக்கவில்லை. அவரை நேராகப் பார்த்து, அவசரமே இல்லாமல்:

"இன்னொருக்கா சொல்லு."

ஹீரோ வாயைத் திறந்தபடி நின்றார். டைரக்டர் கட் சொல்லவே மறந்துவிட்டார். மேலே பலகையிலிருந்து ஒரு விசில். பாண்டியண்ணன்தான், வேறு யார். அவர் என்ன, எங்களைவிடச் சிவப்பா?

கட். கதிர் ஓடினார். அது பேப்பரில் இல்லை, பேசக் கூடாது, சிரி என்றார். ரமோன், சரி, பேசவில்லை என்றார்.

இரண்டாவது டேக்கிலிருந்து வாயை மூடிக்கொண்டார். உதடு இறுக்கமாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தொன்பது வருஷம் கேமரா முன்னால் நின்ற மனுஷன். வாய் கொஞ்சம் திறந்திருந்தாலும் சென்னையில் எதையாவது உள்ளே போட்டுவிடுவார்கள், சிரிப்போ, அழுகையோ. எனக்குப் போட்டார்களே. மூடிய வாய்க்குள் எதையும் போட முடியாது. பல் தெரியாவிட்டால் ஹீரோவின் அடுத்த வரிக்கும் வேலை இல்லை.

மூன்று. நான்கு. நான்காவதில் ஹீரோ அவர் கண்ணைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னார். ஐந்தாவதில் வார்த்தை தடுமாறியது. ஆறாவதில் பின்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழு. அதே வசனம்தான், இப்போது வெறும் வசவாகக் கேட்டது. ஹீரோ மைக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு வேணாம்ப்பா" என்று கேரவனுக்குப் போய்விட்டார். யாரிடம் கோபம் என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

டைரக்டர் என்னிடம் வந்தார். வயது நாற்பதுக்குள். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கஷ்டம்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"சொல்லாதீங்கன்னு கதிர் சொல்லலயா?"

"சொன்னாரு சார். அதான் ஒரு நாள் லேட்டாச் சொன்னேன்."

"ஒரு காமெடிம்மா. யாரையும் புண்படுத்த எழுதலை."

"சரி சார். அப்ப என்னைய அந்த நாற்காலில கட்டி வச்சு எடுங்க. நான் சிரிக்கிறேனான்னு பாப்போம்."

வெயிலில் தொப்பியைக் கழற்றி மாட்டினார். போய்விட்டார்.

கதிர்தான் வந்து முடித்து வைத்தார். "நீங்க கெளம்பலாம் டீச்சர். ஏட்டம்மா கேரக்டர் பத்திச் சொல்லி விடுறோம்."

"சொல்லி விட வேணாம் தம்பி. இப்பவே சொல்லுங்க."

"வேற ஆள் பாத்துக்கிறோம்."

"அதச் சொல்ல எதுக்குத் தரையப் பாக்குறீங்க?"

வேன் கிடையாது என்றார்கள். குடையை விரித்து மெயின் ரோட்டுக்கு நடந்தேன். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். பின்னால் பாண்டியண்ணன் டிவிஎஸ்ஸில் வந்து நிறுத்தினார். "ஏறுங்க டீச்சர். சாப்பாட்டு பிரேக்கு, என்னைய யாரும் கேக்க முடியாது."

பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டவர் வண்டியைக் கிளப்பாமல் நின்றார். "எனக்கும் சின்னதுல இருந்து இதான் டீச்சர். லைட்டுக்கு மேல நிக்கிற வேல, அங்க யாருக்கும் என் மூஞ்சி தெரியாதுன்னுதான் பிடிச்சுப்போச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் சீட் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மாவு கரைத்து ஊற்றி ஆறு தோசை சாப்பிட்டேன். அம்புட்டுப் பசி.

மே 13, புதன்

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன். காக்கி போய்விட்டதே என்று ஒரு பத்து நிமிஷம் அழுகை. துணியை அலசும்போது நின்றுவிட்டது.

ஏர்போர்ட்டிலிருந்து ரமோன் போன். என் வேஷம் போனதைப் பாண்டியண்ணன் சைகையிலேயே சொல்லிப் புரிய வைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டார். கேட்கக் கூடாது என்றேன். எதிர்பார்த்த அடுத்த வேலையும் அவருக்குப் போய்விட்டதாம், இதே கம்பெனியின் இன்னொரு படம். பிரிட்ஜ் ரிப்பேர் மறக்கவில்லை என்றார்.

கடைசியில் தமிழில், "போறேன்."

"அப்படிச் சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லணும்."

"திரும்பி வராவிட்டாலும்?"

"வராட்டியும்."

சொன்னார். 'ற' வராத இடத்திலும் 'ற' போட்டு உருட்டினார்.

மே 14, வியாழன்

ட்யூஷன் மறுபடி ஆரம்பம். ஒன்பது பேர் வந்தார்கள். இங்கிலீஷில் மறுப்புச் சொல்வது எப்படி என்று பாடம். ஒவ்வொருவரையும் எழுந்து நின்று சொல்ல வைத்தேன். எல்லோரும் முதலில் சாரி சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதை வெட்டவே முக்கால் மணி நேரம்.

மே 16, சனி

பகல் முழுக்கப் புழுக்கம், மழை மாதிரி வந்து ஏமாற்றியது. நான்கு மணிக்கு வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது போன். புது நம்பர். டைரக்டர்.

"டீச்சர், எடிட்டிங்ல உக்காந்திருக்கேன். அந்த சீன் நிக்க மாட்டேங்குது."

"ஏன் சார்?"

"அந்தாளு அப்படிப் பாக்கும்போது, நம்ம ஹீரோ சொல்றது சின்னத்தனமாத் தெரியுது."

"தெரியத்தான் செய்யும் சார்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். காட்சியைத் தூக்க முடியாதாம், கதை அறுந்துவிடும். ரமோனும் போய்விட்டார். ஹீரோவின் முதுகுப் பக்கமிருந்து ஒரு ஷாட் இருக்கிறது, அதில் அவர் வாய் தெரியாது. வேறு வசனம் எழுதி ஹீரோவையே டப்பிங் பேச வைத்துவிடலாம். அந்தப் பார்வைக்குத் தாங்குகிற வசனம் வேண்டும்.

"மதுரைப் பேச்சுல நறுக்குன்னு ஒண்ணு. உங்களுக்கு வரும்னு தோணுச்சு."

வடகத் தட்டைக் கீழே வைத்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, யாரு என்று கையால் கேட்டார். இரு என்றேன்.

"எழுதித் தாரேன் சார். ரெண்டு விஷயம் இருக்கு. ராமண்ணன் பேசுன அஞ்சு வசனமும் அவர் குரல்லயே இருக்கணும். தேவைன்னா அவரு ஊர்ல இருந்தே பேசி அனுப்புவாரு, நான் கேக்குறேன். ரெண்டாவது, ஏட்டம்மா நான்தான். பேசுறதும் நான்தான்."

"ஏட்டம்மாவுக்குச் சென்னையில ஒரு பொண்ணப் பேசி வச்சாச்சே டீச்சர்."

"அந்தப் பிள்ளைகிட்டயே வசனமும் எழுதி வாங்கிக்கங்க சார்."

சிரித்தாரா, பெருமூச்சா, தெரியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிங்க சார். எழுதலாமா வேணாமான்னு நானும் யோசிச்சுச் சொல்றேன்."

போனை முதலில் வைத்தது நான்.